அப்பாவின் சட்டைப் பட்டன்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று ஓர் ஆஸ்பத்திரியில் தெரபிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். பிறகு, அப்பாவைப் போலவே பக்கவாதம் வந்த ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார்கள். அவரே சட்டைப் பட்டன் போட வேண்டும். நான் சொல்லித்தர மட்டும்தான் செய்யலாம், தொடக்கூடாது. விரல் நழுவி நழுவி அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கை தானாகப் போய்விட்டது, அம்மா. எல்லாப் பட்டனையும் போட்டு, காலரையும் சரிசெய்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

"மகளா வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்றார் பெரிய தெரபிஸ்ட். "இப்படியே போட்டுவிட்டா அவர் கை எப்பவும் வராதும்மா."

வேலை போச்சு. போகட்டும், வேறு இடம் பார்க்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. தனியாகப் படுத்தால் குளிர்கிறது.

இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், அவசரமாக முடிக்கிறேன். நாளையிலிருந்து அப்பாவுக்குப் பட்டன் போட்டுவிடாதே. திட்டுவார், அழுவார். என்னால் முடியவில்லை, நீயாவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்.

உன் மகள்