நாலாம் பிறையைப் பார்த்தவள்

இன்று சாயங்காலம் கொழுக்கட்டை வாசனை கூடம்வரை வந்தபோது என் கணவர் மேற்கு ஜன்னலைச் சாத்தினார். "இன்னிக்கு சதுர்த்தியாக்கும். சந்திரனைப் பாத்துடாதே, வீண் அபவாதம் வரும்" என்றார். வருஷாவருஷம் சொல்வதுதான். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நீ வரைந்த படம் தொங்குகிறது. நீ இறந்துபோய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு, இன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன்.

ஓட்டுக்கூரைக்கு மேலே அந்தரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கூந்தல் மேகம்வரை போகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிறையை இமைக்காமல் பார்க்கிறாள். மடியில் ஒரு தட்டு நிறைய வெள்ளையாக ஏதோ. கீழே, பாதி சாத்திய ஜன்னலுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொருத்தி.

கண்காட்சியில் இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதியது நான். பெண்ணும் நிலாவும் கிடைத்தால் என் பேனா நிற்குமா? பிறை அவளுடைய ஏக்கம், வெள்ளையெல்லாம் முத்துச்சிப்பி, ஜன்னலுக்குள் இருப்பது அவளுடைய அடிமனம் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்து, கொழுக்கட்டையை முத்துச்சிப்பி என்று எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ படித்துவிட்டுச் சிரித்தாய்.

"அழகா இருக்குடீ. ஆனா எத்தனாம் பிறைன்னு நீ எண்ணலை."

கேலி செய்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின வருஷம், உன் மயில்பெண் படம் யாருடையதையோ பார்த்துப் போட்டது என்று நம் ஓவியக் குழுவில் பேச்சு எழுந்தது. இரண்டு மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அது வளர்ந்ததை நாள்தோறும் பார்த்தவள் நான். கூட்டத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நமக்கெதற்கு வம்பு என்று நான் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சாரமில்லைடீ, போனாப் போறது" என்று என் தோளைத் தட்டியது நீ. அந்தப் பழி கடைசிவரை உன்மேல் இருந்தது. அப்படியும் இந்தப் படத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்து நீயேதான் ஆணியடித்து மாட்டினாய்.

இன்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நீ போட்டிருப்பது நாலாம் பிறைதான். ஜன்னலுக்குள் இருப்பவளின் ஒரு கை, திறந்த கைப்பைக்குள் இருக்கிறது.

மாடிக்குப் போய் நாலாம் பிறையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிற அபவாதம் வரட்டும். நாளை குழுவுக்கு எழுதப்போகிறேன். உனக்கு இனி அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி: 'இவள் வரைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.' நீ இருந்தவரை அதை நான் சொல்லவே இல்லை.