சேவலுக்கு இருந்த பெயர்

அக்கா, காலையில் பக்கத்து வீட்டார் நனைந்த கம்பளியை வேலியில் விரித்தார்கள். அந்த வாடை என்னை, நான் பாடம் சொன்ன ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெறிபிடித்துக் கெட்டு, பிறகு திருந்திய ஆண்களைப் பற்றிய விவரணப்படம் காட்டச் சிலர் ஒரு வேனில் வந்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தை மறைக்க, கொழுந்தெடுக்கும் பெண்களின் கம்பளிகளை வாங்கி ஜன்னல்களில் தொங்கவிட்டேன். உங்களுடையதும் அதில் இருந்தது.

படத்தில் குடிகாரர் ஒருவர், சூதாடி ஒருவர், மூன்றாவதாக நம் பெரிய கங்காணி. சேவற்கட்டுப் பைத்தியம் பிடித்து அலைந்தவர். சேவல் செத்த கோபத்தில், அதற்குத் தீனி வைத்த உங்கள் கணவரை அடித்து, லயத்து வீட்டைவிட்டே துரத்தியவர். உங்கள் கணவர் ஹாலிஎல ஊரில் யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் கிடந்து இறந்தார்.

திரையில் கங்காணி அழுதார். "ராசான்னு பேரு, எம் புள்ள மாதிரி. அது செத்த வெறியில ஒருத்தனுக்குப் பாவம் பண்ணிட்டேன். இப்ப மனுசனாயிட்டேன்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நீங்கள் எழுந்து ஜன்னலில் தொங்கிய உங்கள் கம்பளியை இழுத்தீர்கள். வெயில் பாய்ந்தது, திரையிலிருந்த முகம் வெளிறி மறைந்தது. முன்வரிசை நாற்காலியில் நிஜக் கங்காணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மூடுங்க! படம் தெரியல," என்றார் படம் ஓட்டியவர்.

"எனக்குக் குளிருதுங்க." பிறகு கங்காணியிடம் திரும்பினீர்கள். "சேவலுக்குப் பேரு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பேரு இல்லீங்களா? நான் சொல்லக்கூடாது, நீங்க சொல்லுங்க."

அவர் மறுபடி கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

"வேலாயுதம்!" என்று கத்தினீர்கள். "கேட்டுச்சா? வேலாயுதம்!"

"அடியே, புருசன் பேரச் சொல்றியே!" என்று பதறினாள் ஒரு கிழவி.

"செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு, ஆத்தா."

பிறகு கங்காணி, உங்களிடம் தூதுபோகச் சொல்லி என்னிடம் வந்தார். "திருந்திட்டேன்ல வாத்தியாரய்யா, மன்னிக்கச் சொல்லுங்க." வகுப்பில் நான் சொல்லும் உதாரணத்தையே அவருக்கும் சொன்னேன்: அடுத்தவன் சிலேட்டை உடைத்தவன் தன் சிலேட்டைத் துடைத்துக் காட்டினால் போதுமா?

உங்களை அடக்கம் செய்த அன்றும் வந்தார், கையில் ஒரு பிடி மண்ணோடு. வழிமறித்தேன். "யாருடைய மனைவிக்கு மண் போடுகிறீர்கள்? சொல்லிவிட்டுப் போடுங்கள்."

வாய் அசைந்தது. "மறந்துபோச்சுங்க," என்றார்.

அந்த மண்ணைத் தட்டிவிட்டேன். காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்தவன் நான். ஆனாலும் அப்படித் தட்டிவிட்டதற்காக இன்றுவரை வருந்தவில்லை, அக்கா.