நாங்க சாப்பிட்டு வர்றோம்

கோத்தன்பர்க்,
மார்ச் 9

மரியாதைக்குரிய எவந்தியா அண்ணிக்கு,

அரெத்தி எழுதுவது. நானும் மிர்த்தோவும் சுகம். உங்கள் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். இனி யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே கடிதம் படிக்கலாம் என்பதில் எனக்கு ரொம்ப நிம்மதி. இதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஜூன் மாதம் இங்கே வந்து பத்து நாள் தங்கி, தம்பி மகள் மிர்த்தோவைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். “அவள விட்டா எனக்குன்னு யாரும்மா இருக்கா” என்றும் ஒரு வரி. அந்த ‘அம்மா’வை நான் மூன்று தடவை படித்தேன். என்னை நீங்கள் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்ததே, அதனால். வரலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டிருக்கிறீர்கள். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேராக அங்கே போய்விடாமல் முதலிலிருந்து படியுங்கள். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். இங்கே சுவர்கள் மெல்லிசு.

ஊர் எப்படி, பழகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பதினாலு மாதம் ஆகிவிட்டது, பழகாமல் என்ன. ரொட்டிக்கடையில் காலை நாலரைக்கு வேலை, மதியம் வீடு. டிராமில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. நம் ஊர் வோலோஸில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரி இறங்குவதற்குள் அவளுடைய மருமகளின் கருப்பை வரைக்கும் நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா? இங்கே இரண்டு சீட்டு காலியாக இருக்கும்போது ஒருத்தர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள். படிக்கட்டில் என் காலடிச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் இறங்கிப் போன பிறகுதான் வெளியே வருகிறார். முதலில் என்மேல் வெறுப்போ என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்! சரிதான் போ என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போனேன். பொறுக்க முடியாமல் போனது ஜனவரியில் நடந்த ஒரு விஷயம்.

மிர்த்தோவுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு தோழி, ஆல்வா என்று. ஒரே வகுப்பு, அடுத்த தெரு. முதல் ஆறு மாதம் பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் பேசாமல் சுவரோரமாக நின்றிருந்த குழந்தை, இந்த ஆல்வாவால்தான் திரும்பச் சிரிக்கப் பழகினாள். ஒருநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் விளையாடிவிட்டு ஆறு மணிக்கு வந்தவள், வந்ததும் வராததுமாக ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். “அங்க எதுவும் சாப்பிடலையாடி?” என்று கேட்டேன். ஐந்து மணிக்கு ஆல்வாவின் அம்மா மாலின் வந்து, “நாங்க சாப்பிட்டு வர்றோம், நீ இங்கயே விளையாடிட்டு இரு கண்ணு” என்று சொல்லிவிட்டு, தன் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனாளாம். குழந்தை தனி அறையில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். இறைச்சி உருண்டை வாசனை அறை வரைக்கும் வந்ததாம்.

பகையாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தானே நாம் சாப்பிடுவோம்! காலணியை மாட்டிக்கொண்டு அந்த மாலினை நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். வாசலில் மிர்த்தோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஏம்மா கோவப்படுற? அப்பா சாமிகிட்ட போன அன்னைக்கு அத்தை வீட்ல நாம நின்னோமே, அதே மாதிரிதான். ஆனா இங்க உக்கார நாற்காலி குடுத்தாங்க.”

அண்ணி, அவள் அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயது. மறந்திருப்பாள் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன்.

மறந்தது நீங்களாக இருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் தம்பி அர்கிரிஸை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். உங்கள் வீட்டில் முப்பது பேருக்கு மேசை போட்டு மீன் சூப், ரொட்டி, பிராந்தி. நான் என் புருஷனின் துக்கச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். நீங்கள் வந்து எனக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தீர்கள். “என் தம்பியத் தின்னவளுக்கு மீனு வேறயா? உன் தனிக்குடித்தன ஆசைக்குத்தான அவன் கப்பலேறினான்” என்று சொன்னீர்கள். மெதுவாகக்கூட இல்லை, முப்பது பேருக்கும் கேட்கும்படி. ஒருத்தராவது தலை நிமிர்ந்தார்களா? எல்லோரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மிர்த்தோவை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டீர்கள், அவள் என் பாவாடையை விடவில்லை. “வராட்டி கெடக்கட்டும்” என்று விட்டுவிட்டீர்கள். நாங்கள் இருவரும் சமையலறையில் அடுப்போரம் நின்றோம். ஒன்றரை மணி நேரம். அடுப்பில் பாதிப் பானை சூப் மிச்சம் இருந்தது. என் பிள்ளைக்கு அதில் ஒரு கரண்டி எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் தெருவுக்கே சோறு போடும் அண்ணி. பசி என்று வந்த நாடோடியைக்கூடத் திருப்பி அனுப்பாதவர். ஊரில் இன்றைக்கும் உங்களை அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, மாலின் கதைக்கு வருகிறேன். பழிக்குப் பழி வாங்குவது என்று முடிவு செய்தேன். அவள் மூக்கை உடைக்க வேண்டும், அதுவும் அவள் பாணியிலேயே. “சனிக்கிழமை ஆறு மணிக்குக் குடும்பத்தோட வாங்க” என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டேன். ஆட்டுத் தொடையை எலுமிச்சையும் பூண்டும் தடவி, உருளைக்கிழங்கோடு மதியத்திலிருந்து அடுப்பில் வைத்தேன். படிக்கட்டு முழுக்க மணந்தது. ஐந்து ஐம்பதுக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மாலின், அவள் புருஷன் யோனாஸ், ஆல்வா மூன்று பேரும் கீழே பனியில் நிற்கிறார்கள். முன்னதாக வந்துவிட்டார்களாம், மணி ஆறு ஆகட்டும் என்று காத்து நிற்கிறார்கள்! ஆறு அடித்ததும் மணியை அழுத்தினார்கள். காலணியைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

நான் சொன்னேன்: “நாங்க சாப்பிட்டு வர்றோம். நீங்க உக்காந்திருங்க.” சொல்லிவிட்டு மிர்த்தோவை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இல்லை.

தட்டில் இறைச்சியை வைத்தேன். மிர்த்தோ, “அவங்களுக்கு?” என்றாள். “இருக்கட்டும். அவங்க ஊர் வழக்கம்தானே” என்றேன். அவள் முள்கரண்டியைத் தொடவில்லை. நான் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் யோனாஸ் மெல்ல இருமுவது கேட்டது. ஆல்வா ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டு தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது, அண்ணி. தண்ணீர் குடித்தேன், அப்படியும் இறங்கவில்லை. கடைசியில் கையில் துப்பிக் குப்பையில் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

தட்டோடு கதவைத் திறந்தேன். மாலின் எழுந்து நின்று, “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? எங்களுக்காக அவசரப்பட்டு சாப்பிடலையே?” என்று கேட்டாள். அடக் கடவுளே! அவள் முகத்தில் துளிக் கோபம் இல்லை. சாப்பாடு என்று நான் வாயால் சொல்லாததால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நான் எய்த அம்பு எங்கே போய் விழுந்தது பாருங்கள்.

ஆத்திரம் தாங்காமல் ஜனவரி விஷயத்தை நானே போட்டு உடைத்தேன். என் பிள்ளையை ஏன் பட்டினி போட்டாய் என்று நேராகக் கேட்டேன். மாலின் வெலவெலத்துப் போனாள். “ஐயோ, நீங்க அவளுக்காக வீட்ல சமைச்சு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நான் போட்டு அனுப்பிட்டா உங்க சமையல் வீணாயிடுமே. ஒரு அம்மாவோட சாப்பாட்ட நான் எப்படிக் கெடுக்கறது?” என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வயிற்றில் இடமே இல்லாமல் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யோனாஸ் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். கடைசி உருளைக்கிழங்கை யாரும் எடுக்காமல் பாதியாக, அதில் பாதியாக வெட்டி வெட்டித் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்; கடைசித் துண்டை எடுப்பது இங்கே மரியாதை இல்லையாம். திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்கு வந்து மாலின் மறுபடியும் நன்றி சொன்னாள். ஒருமுறை விருந்துண்டால் அடுத்த சந்திப்பிலும் நன்றி சொல்வது இங்கே முறை. இப்போதெல்லாம் மிர்த்தோ போனால் ஐந்து மணிக்கு எனக்குத் தொலைபேசி வருகிறது, சாப்பாடு போடலாமா என்று.

ஆக, மாலின்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் கோபம் போகவில்லை, அண்ணி. உங்கள் முகவரிக்குத் திரும்பி வந்துவிட்டது, அதுதான் விஷயம். முன்பின் தெரியாத மூன்று பேரைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு என்னால் ஒரு துண்டு இறைச்சியை விழுங்க முடியவில்லை. நீங்கள் உங்கள் தம்பி பெண்டாட்டியையும், அவன் பெற்ற பிள்ளையையும் அடுப்போரம் நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தடவை சூப் வாங்கிக்கொண்டீர்கள், நான் கதவு இடுக்கில் பார்த்தேன். உங்கள் துக்கம் எனக்குத் தெரியும். அவனைத் தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்தவர் நீங்கள். அந்தத் துக்கத்திலும் உங்களுக்கு எப்படித் தொண்டையில் இறங்கியது? மூன்று வருடமாக இதுதான் என் கேள்வி.

இனி பதில். உங்கள் வீட்டில் நான் சாகும்வரை கை நனைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இங்கே வாருங்கள். ஜூன் பதினைந்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் விடுமுறை. ஒரு சூட்கேஸ் போதும், பாலாடைக்கட்டியும் ஜாமும் சுமந்து வர வேண்டாம், என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. விமான நிலையத்துக்கு நானே வருவேன். கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் தரையில் படுத்துக்கொள்வோம். வந்த அன்று மீன் சூப் வைப்பேன். மேசையின் தலைப்பக்கத்தில் உங்களை உட்கார வைத்து, என் கையாலேயே தட்டு நிறைய ஊற்றுவேன். போதும் என்று சொன்னாலும் விடமாட்டேன். இரண்டாம் தடவையும் ஊற்றுவேன். உங்களுக்கு என்னால் முடிந்த பழி இதுதான்.

எதிரில் மிர்த்தோ உட்கார்ந்திருப்பாள். நீங்கள் வரப்போவதை நேற்று அவளிடம் சொன்னேன். குதித்தாள். அத்தையை எங்கே கூட்டிப்போகலாம் என்று ஆல்வாவோடு சேர்ந்து பட்டியல் போட்டிருக்கிறாள். தூங்கப் போகும்போது மட்டும், “அன்னைக்கு அத்தை வீட்ல தட்டு பத்தலையாம்மா?” என்று கேட்டாள். அத்தை வந்ததும் சாப்பாட்டு மேசையில் நீயே கேள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பாள். மறக்கும் பிள்ளை இல்லை அவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். கடவுள் உங்களை நல்லபடியாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும் வழியில் விமானத்தில் எதையும் சாப்பிட்டுவிடாதீர்கள், அண்ணி. பசியோடு வாருங்கள்.

உங்கள் தம்பியின் மனைவி,
அரெத்தி