ஸ்பாம் பெட்டியில் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர்

உப்பல், ஹைதராபாத்
22.1.2025

அன்புள்ள சுனிலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. அங்கே மைனஸ் இருபத்தைந்து என்று டிவியில் காட்டினார்கள், நீயும் சாருலதாவும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குத் தபாலில் கடிதம் என்று பார்க்கிறாயா. மெயிலில் அனுப்பினால் உன் பக்கத்து மெஷின் என்னைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுமோ என்று பயம். அந்தப் பயம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும், பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

சங்கராந்தி நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டு சாய்கிருஷ்ணா அங்கிள் வீட்டிலிருந்து அரிசெலு, நம் அதிரசம் மாதிரிதான், வந்தது, இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போனது. நம் தண்ணீர்த் தொட்டிக் குழாயெல்லாம் பட்டத்து நூல், அப்பா அந்த முழங்காலோடு மாடி ஏறி அறுத்துவிட்டு வந்து இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

இப்போது என் வலைப்பூ விஷயத்துக்கு வருகிறேன். பாலாநகர் ஃபேக்டரியில் வயரிங் பிரிவில் நான் இருந்த முப்பத்தொரு வருஷத்தைப் பற்றி இரண்டு வருஷமாக அதில் எழுதிவருவது உனக்குத் தெரியும். ஊருக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும் உனக்காகத்தான் ஆரம்பித்தேன், அது உனக்குத் தெரியாது. நீ சின்னவனாக இருந்தபோது காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபின்தான் திரும்புவேன், அந்த நேரமெல்லாம் அம்மா எங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், படிக்கிறாயா என்று கேட்டேன். ம், பாக்கறேம்மா என்றாய். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் கேட்பதில்லை என்று வீம்பாக இருந்துவிட்டேன். உன் அத்தை கல்பகத்திடம்கூட, அவனுக்கு எங்கே நேரம், பெற்றவள் எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன என்று புலம்பியிருக்கிறேன். நேற்று அவளுக்குப் போன் செய்து அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் வந்த பின்னூட்டம் எல்லாம் நிஜம் என்று நம்பி, வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பக்கூடாதே என்று ஒவ்வொருவருக்கும் நன்றி, வணக்கம், வீட்டில் எல்லோரும் நலமா என்று பதில் எழுதினேன். ஷூ விற்கிறவன், ஒரே வாரத்தில் உடம்பை இளைக்க வைக்கிறவன், பிரிந்த காதலரைச் சேர்த்துவைக்கிற ஜோசியர், எல்லோருக்கும் எழுதினேன். பதில் போடப்போட அவர்கள் கூட்டமாக வந்தார்கள். மாடி போர்ஷனில் குடியிருக்கிற ஹம்ஸினி, மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாளே, அவள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். உங்க ப்ளாக் தமிழ் ஆன்ட்டி, இங்கிலீஷ்ல நைஸ் போஸ்ட்னு வந்தா கண்ண மூடிட்டு ஸ்பாம்ல போட்டுடுங்க என்றாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். தினமும் காலையில் காபி குடித்ததும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அதுதான் வேலை. கொஞ்ச நாளில் மெஷினே கற்றுக்கொண்டு தானாகத் தள்ள ஆரம்பித்தது. தொல்லை ஒழிந்தது, ஆனால் பதிவுகளுக்குக் கீழே ஹம்ஸினியின் சூப்பர் ஆன்ட்டியைத் தவிர ஒரு குரலும் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று வெறுத்துப்போய், மொத்தமாக அழித்து மூடிவிடுவது என்று போன வாரம் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை அதற்காகத்தான் ஹம்ஸினியைக் கூப்பிட்டேன். மூடறதுக்கு முன்னாடி ஸ்பாம் பெட்டிய ஒரு தடவ பாத்துடலாம் ஆன்ட்டி என்றாள். உள்ளே இரண்டாயிரத்துக்கு மேல். ஷூ, ஜோசியர், நைஸ் போஸ்ட், மறுபடி ஷூ. அவள் தள்ளிக்கொண்டே போனாள், ஓரிடத்தில் நிறுத்து நிறுத்து என்றேன். அப்பா தினமும் என்னைப் பச்சை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டதைப் பற்றி எழுதியிருந்தேன் இல்லையா, அதற்குக் கீழே எஸ்கே என்ற பெயரில், நைஸ் போஸ்ட், கீப் ரைட்டிங், பட் அவர் ஸ்கூட்டர் வாஸ் எல்லோ, கிரீன் வாஸ் சாயி அங்கிள்ஸ் என்று இருந்தது. ஷூ விற்கிறவனுக்கு நம் ஸ்கூட்டரின் நிறம் எப்படித் தெரியும். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஹவ் என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டு, மஞ்சள்தானே, பச்சை சாயியோடது, இதக்கூடவா மறந்துட்ட என்றார். அப்போதுதான் எஸ்கே என்றால் சுனில் குமார் என்று எனக்கு உறைத்தது.

ஹம்ஸினி அந்தப் பெயரை மட்டும் தேடி எடுத்தாள். என் பதிவு அறுபத்து மூன்று, உன் பின்னூட்டம் அறுபத்து மூன்று. ஒன்றைக்கூட நீ விடவில்லையடா, நான் பதில் போடுவதை நிறுத்திய பிறகு வந்து பழைய பதிவுகளுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாய். முக்கால்வாசி நைஸ் போஸ்ட்தான். கேன்டீன் உப்புமாவைப் பற்றி எழுதியதற்கு, உன் பையில் அந்த வாசனை வரும் என்று எழுதியிருக்கிறாய். நான் வேலையில் மயங்கி விழுந்த நாளைப் பற்றி எழுதியதற்கு, எங்களிடம் சொல்லவே இல்லையே என்று கேட்டிருக்கிறாய். அதையும் இந்தக் கையாலேயே ஸ்பாமில் போட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத ஜோசியரிடம் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தவள், நீ எழுதியதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இத்தனை தடவை பதில் வராமலும் மறுபடி மறுபடி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன், பயப்படாதே, இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கிய அழுகைதான். உன்மேலும் கோபம் உண்டு, போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா. உனக்குத் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் போதும், தமிழ் பேசினால் சரி, எழுத வேண்டாம் என்று விட்டது நாங்கள்தான், அதனால் பாதிக் கோபம் என் மேலேயே திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டேன்.

வலைப்பூவை மூடவில்லை. உன்னுடையது அத்தனையையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டிருக்கிறேன், போய்ப் பார். ஸ்கூட்டரையும் மஞ்சளாக்கிவிட்டேன். இனி யார் என்ன எழுதினாலும் என் கண்ணில் பட்ட பிறகுதான் உள்ளே போகும்படி ஹம்ஸினி மாற்றிக் கொடுத்திருக்கிறாள், ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை.

பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. சாருவை ராத்திரியில் தயிர் சாப்பிட வேண்டாம் என்று சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் அதுவே. ஒன்றே ஒன்று மறக்காதே. இனிமேலும் நைஸ் போஸ்ட் என்றே எழுது, பரவாயில்லை, ஆனால் முதல் வார்த்தையாக என்னைக் கூப்பிடுவதை மட்டும் தமிழில் போட்டுவிடு. மூன்றே எழுத்துதான். கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்து எழுது.

இப்படிக்கு,
அம்மா