புல்லுருவியில் இருந்த கூடு

அன்பு மகள் ப்ரோன்வினுக்கு, அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் மூட்டுவலிகூட இந்தக் குளிர்காலத்தில் பரவாயில்லை, மனசுதான் சரியில்லை. அயர்லாந்து மழையில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

வரும் நவம்பரில் வந்து நீ பார்க்க ஆசைப்பட்ட கூடு இப்போது இல்லை, கண்ணு. மேட்டிலிருக்கும் பெரிய இரும்புப்பட்டை மரத்தில், புல்லுருவிக் கொத்துக்குள் கட்டியிருந்ததே, அந்த மஞ்சள் கறுப்புத் தேனுண்ணிப் பறவை ஜோடி, அது போய்விட்டது. அந்த ஆணுக்குத் தன் இனத்துப் பாட்டுகூடத் தெரியாது, சொல்லித்தர மூத்த பறவைகள் மிச்சமில்லாமல் வேறு ஏதோ பறவையின் குரலில் கத்திக்கொண்டிருந்தது, அதற்கும் ஒரு துணை கிடைத்ததே என்று நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். ஆறு வருஷமாக வராத நீயும் அதைப் பார்க்க வருகிறேன் என்றாய், அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பொண்ணு வர்றா, வீட்டைச் சுத்தி இப்படிக் காடா கெடந்தா என்ன நினைப்பா, காட்டுத்தீக் காலமும் வருதுல்ல என்று சொல்லி, மேடு வரைக்கும் மரத்தடிப் புதரையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். இங்கே எல்லோரும் டிசம்பர்க் கோடைக்கு முன் செய்வதுதானே என்று நானும் தடுக்கவில்லை.

புதரில்லாத வெட்டவெளிதான் அந்தச் சாம்பல் நிறக் கூச்சல் பறவைகளுக்குப் பிடிக்கும், அதைக் கண்ட உடனே கூட்டமாக வந்து இறங்கிவிட்டன. அதுவும் தேனுண்ணி இனம்தான், தங்களுக்குள் அப்படி ஒற்றுமை, ஒரு கூட்டுக் குஞ்சுக்கு நாலைந்து பேர் இரை கொண்டுவருவார்கள், ஆனால் பூவிலிருக்கும் தேனிலும் இலையில் பூச்சி விடும் சர்க்கரைப் பொருக்கிலும் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. எல்லாமாகச் சேர்ந்து நம் ஜோடியைக் கொத்தித் துரத்தின. முட்டை உடைந்து கிடந்தது. பக்கத்துப் பண்ணை மெர்வ் வேலியோரம் நின்று, என்ன லெஸ், ரவுடிப் பசங்களுக்கு நீயே பந்தல் போட்டுக் குடுத்துட்டியா என்று கிண்டல் பண்ணினான், அப்பா உள்ளே வந்துவிட்டார். அவ பறவையப் பாக்கத்தானே வர்றேன்னா, இனிமே எதுக்கு வருவா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது தினமும் வாளியில் தண்ணீர் சுமந்து புதர்க் கன்று நட்டுக்கொண்டிருக்கிறார். நவம்பருக்குள்ள ஆளுயரம் வந்துருமா என்று கேட்கிறார், வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே அம்மா. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். வந்ததும் கன்றெல்லாம் ஏன் முழங்கால் உயரம்கூட இல்லை என்று மட்டும் அவரிடம் கேட்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நோலா