புகைக்கு வைத்த கட்டணம்

அஸ்தினாபுரம்,
5.1.2009

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

ஆண்டவரின் அமைதி உன் வீட்டில் தங்குவதாக. உன் கடிதத்தை உன் அண்ணி ஞானத்துக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன். நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களிடம் கரிப்புகைக்குக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் எளியோர் கூரைகளில் சூரியத் தகடு பதிக்கிறதாமே உங்கள் அமெரிக்க மாநில அரசு! அந்த அலுவலகத்தில் நீயும் பணிபுரிவது எனக்குப் பெருமை.

இங்கே மின்வெட்டு நேரமெல்லாம் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளக் கடைகளின் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமுகின்றன. புகை சன்னல் வழியே ஏறி ஞானத்தின் மூச்சை அடைக்கிறது. கடைகளிடம் ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று புகைக் கட்டணம் வாங்கி, மொட்டை மாடியில் சூரியத் தகடு வைப்போம் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். செயலாளர் லாசரஸ், "இன்னா சார், புகைக்கும் பில்லு போட்டுட்டீங்களே!" என்று சிரித்தார். ஆயினும் நிறைவேறியது. தீர்மானத்தை நானே எழுதினேன். படைப்பின் முதல் நாள் ஒளி தொடங்கி, பழந்தமிழ்ப் பாடல்களின் ஞாயிறு வரை அரைப் பக்கம். கைதட்டினார்கள்.

அண்ணன்,
சவுரிமுத்து

9.2.2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்து மகிழ்ந்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று எழுதினீர்களா? எங்கள் சட்டத்தில் அப்படி எழுதிய ஒரு வரிதான் பணத்துக்குப் பூட்டு. அண்ணியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பி,
ஜெரோம்

அஸ்தினாபுரம்,
17.8.2009

தம்பி,

முகமன் எழுத மனமில்லை. ஆறு மாதம் சேர்ந்த புகைப் பணத்தில் சங்கம் போன வாரம் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு பெரிய ஜெனரேட்டர்! எங்கள் சன்னலுக்கு நேர் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

"தகடு வெச்சா லிஃப்ட் ஓடாது சார். எங்க மாமியார் மூணு மாடி ஏறுவாங்களா?" என்கிறார் மேல்வீட்டுத் தீபலட்சுமி. லாசரஸோ, "உங்க தீர்மானத்தைப் பத்து வாட்டி படிச்சேன் சார். சூரியன் கீது, சந்திரன் கீது. ஜெனரேட்டர் வாங்கக் கூடாதுன்னு எங்க கீது?" என்கிறார்.

நீ எச்சரித்த பிறகும் அந்த வரியை நான் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. என் நடைக்கிடையே அது கணக்குப்பிள்ளையின் வரியாகத் தோன்றியது. ஜெனரேட்டருக்கான வாக்கெடுப்பில் எதிர்த்து உயர்ந்தது என் கை ஒன்றே. ஆலயத்தில் வணிகரின் மேசைகளைக் கவிழ்த்த ஆண்டவரின் சினம் எனக்கும் வந்தது. எதிரில் இருந்தவையோ பிளாஸ்டிக் நாற்காலிகள்.

புகை தாங்காமல் ஞானம் கோவிலம்பாக்கத்தில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தோர் ஆண்டு மணவாழ்வில் முதன்முறையாகத் தனியே உண்கிறேன். உங்கள் மாநிலமாவது சொன்ன சொல் தவறாமல் நடக்கிறது. அந்தச் சட்டத்தின் நகலை அனுப்பு. இவர்கள் முகத்தில் விரித்துக் காட்டுகிறேன்.

சவுரிமுத்து

3.12.2009

அண்ணாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நகல் அனுப்ப முடியாது. வரவு செலவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, அந்த நிதியில் பாதியை அரசு எடுத்துக்கொண்டது. தகடு கேட்டுக் காத்திருந்த வீடுகளுக்கு, இப்போதைக்கு இல்லை என்று கடிதம் போய்விட்டது. பூட்டு என்று நான் சொன்ன அந்த வரியை நீக்கும் திருத்தத்தை எழுதியவன் நான்தான், அண்ணா. மேலிடம் சொன்னது, எழுதினேன். நான் மறுத்தால் வேறொருவர் எழுதியிருப்பார் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெரோம்

அஸ்தினாபுரம்,
21.12.2009

தம்பி,

உன் கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன். உன்னைச் சபிக்கும் வசனங்கள் நாவில் வரிசையாக வந்து நின்றன. அப்போது கீழே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். அது அங்கே நிற்பதற்கு நீ காரணமில்லை.

சனவரி பத்தாம் தேதி சங்கக் கூட்டம். புகைத் தீர்மானத்தைத் திருத்தக் கேட்கப்போகிறேன். அதன்பின் திரும்பி வருவதைப் பற்றிப் பேசலாம் என்கிறாள் ஞானம்.

நீ நீக்கிய அந்த ஒரு வரியை எளிய தமிழில், உன் கையெழுத்தில் எழுதி உடனே அனுப்பு. நான் அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.

அண்ணன்,
சவுரிமுத்து