ரேடியம் என்று எழுதியிருந்தது

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று நாங்கள் ஒரு ஆஸ்பத்திரியை ஏமாற்றினோம். சரக்கு கொடுத்தது கடை முதலாளி செங்கோட்டையன் அண்ணன். வெட்டியதும் போய் ஒட்டியதும் நான்.

மோகனூர் ரோட்டில் இருக்கிற ஐந்து மாடி ஆஸ்பத்திரி. கரண்ட் போனாலும் வழி தெரிய வேண்டும், படிக்கட்டில் இருட்டில் ஒளிரும் அம்புக்குறி இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்று தீயணைப்புத் துறையில் சொல்லிவிட்டார்களாம். அங்கே மேனேஜர் மோகன்குமார். அவர் அனுப்பிய சீட்டில் ஒரே வரி: ‘அம்புக்குறி, படி விளிம்புக்குப் பட்டை, எல்லாம் ரேடியம்.’

நாமக்கல்லில் ரேடியம் என்றால் லாரிக்குப் பின்னால் ஒட்டுவது. நான்கு வருடமாக அதைத்தான் வெட்டுகிறேன். அது தானாக ஒளிராது. எதிரே ஹெட்லைட் பட்டால் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். இருட்டில் ஒளிர்கிற ஷீட் வேறு. விளக்கு எரியும்போது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அணைந்ததும் பச்சையாக வெளியே விடும். எங்கள் கடையில் அதில் ஒரு முழம்கூட இல்லை.

ஒட்டப் போவதற்கு முன்பே சொன்னேன். அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

“ரேடியம்னு கேட்டான், ரேடியம் குடுக்கறோம். இதுல என்ன புள்ள பொய்யி?”

பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதியம் மோகன்குமாருக்கு நானே போன் செய்தேன். “சார், அது இருட்டுல எரியாதுங்க.”

“எரியறதுக்கு அதென்ன பல்பாம்மா?” பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். “உங்க மொதலாளியே ரேடியம்னு பில்லு போட்டிருக்காரு. நடுவுல நீ யாரு?”

நான் யார்? ஒட்டியவள். அதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்க சார் என்று வைத்துவிட்டேன். சரிங்க சார்! நாக்கை என்ன செய்தால் தகும்?

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு அமுதவல்லி அக்கா. அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வார்டிலிருந்து அழுக்குத் துணிகளை மூட்டை கட்டி, தரைக்குக் கீழே இருக்கிற சலவை அறைக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு நடை, பத்து நடை. கீழே போகும் அந்தப் படிக்கட்டில் ஒரு ஜன்னல் கிடையாது.

இன்று ஆய்வுக்கு ஆள் வந்தாராம். அக்கா குழாயடியில் நடித்தே காட்டினாள்.

“லைட்டை அணைக்கச் சொன்னாரு. செல்லுல டார்ச்சைப் போட்டு அடிச்சாரு பாரு, நீ ஒட்டுன அம்பெல்லாம் தேர்க்கடையாட்டம் ஜொலிக்குது கண்ணு! நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.”

டார்ச் அடித்துப் பார்த்தாராம். இருட்டில் ஒளிர்கிறதா என்று டார்ச் அடித்து!

அக்காவிடம் சொல்லிவிட்டேன். “கரண்ட் போனா அது தெரியாதுக்கா. லிஃப்ட்ல போங்க.”

“லிஃப்ட்டா? இந்த மூட்டையோட ஏறுனா மூக்கைப் பொத்துவாங்க. அது நோயாளிக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான்.”

“அப்போ செல்லையாவது கையில வெச்சுக்கோங்க.”

“அதை வாசக் கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. நாங்க வீடியோ எடுத்துருவமாம்.” சிரித்தாள். “அதான் ஜெனரேட்டர் இருக்குதே, வுடு.”

பிப்ரவரி 12, புதன்

நாள் முழுக்க லாரி நம்பர். அண்ணனிடம் மறுபடி பேசவில்லை. பேச வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று மாதாந்திர மின்தடை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை. பேப்பரில் போட்டிருந்தது, ஊருக்கே தெரியும். பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றிருக்கிறது. ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ. வெளியே மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்தப் படிக்கட்டில் கும்மிருட்டு.

அக்கா மூட்டையோடு பாதிப் படியில்.

இடுப்பு எலும்பு முறிவு.

பிப்ரவரி 21, வெள்ளி

அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆமாம், அரசு ஆஸ்பத்திரிதான். விழுந்த இடத்தில் ஐந்து மாடிக்குக் கட்டில் இருந்தும் ஆட்டோ வைத்து இங்கே அனுப்பிவிட்டார்கள்.

“கீழ வந்துட்டேன்னு நெனச்சுக் காலை எட்டி வெச்சேன் கண்ணு. இன்னும் மூணு படி இருந்துருக்குது.”

அழக் கூடாது என்று போனேன். அழுதேன். “அதை வெட்டுனது நான்தான்க்கா. சொன்னேன், அவங்க கேக்கல.”

அக்கா மேலே ஓடாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சொன்ன. அந்த மேனேஜருக்கு எத்தனை தரம் சொன்ன?”

“ஒரு தரம்.”



பிப்ரவரி 24, திங்கள்

அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருப்பேன்.

“அண்ணா, அதைப் பிரிச்சுட்டு ஒளிர்ற ஷீட் வாங்கி ஒட்டலாம். நானே ஒட்டறேன்.”

“பிரிச்சா தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்புல ஆயிரும் புள்ள. யாராச்சும் கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள்தான் மல்லாக்கப் படுத்திருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

ஐந்து மாடி ஆஸ்பத்திரியில் அக்கா விழுந்ததற்குக் காரணம் எழுதி முடித்துவிட்டார்கள்: ‘பெரிய மூட்டையுடன் கவனமின்றி இறங்கியதால்.’ கவனம்! கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் எதைக் கவனிப்பது?

மார்ச் 10, திங்கள்

சலவைக் கதவில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். ‘மின்தடை நேரத்தில் ஊழியர்கள் கைபேசி டார்ச்சைப் பயன்படுத்தவும்.’ அக்காவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பாவாயி சொன்னது. “செல்லு?” என்று கேட்டேன். “கேட்டுலதான் இருக்குதுங்க” என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

கடைக்குப் போவதை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. அண்ணன் கூப்பிடவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மோகன்குமாரின் அறையில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. எனக்கும் உட்காரத் தோன்றவில்லை. ஒட்டியவள் நான்தான், ஒட்டியது லாரி சரக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் வைத்தேன். படித்தார். மடித்து என் பக்கமே தள்ளினார்.

“சான்றிதழ் வந்தாச்சும்மா. இனி என்ன வேணும் உனக்கு?”

“கீழ லைட்டை அணைக்கச் சொல்லிட்டு நீங்க ஒரு தரம் இறங்குங்க சார். மூட்டை வேண்டாம். வெறுங்கையோட இறங்குங்க. செல்லை மட்டும் இங்கயே வெச்சுட்டு வாங்க.”

அவர் மணியை அழுத்தி, காபி கொண்டு வரச் சொன்னார். ஒன்று.